எழுபத்திரண்டு பாளையங்களும் ஒரு கவராயமும்

"சார், எங்கள் ஊர் உத்தப்பநாயக்கனூர். இவ்வளவு சிறிய ஊருக்கு ஒரு நாயக்கர் பெயர் ஏன் வந்தது? அவருக்கு இங்கே என்ன வேலை?"

உசிலம்பட்டி பேருந்து நிலையத்தில் ஒரு மாலை நேரத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் என்னிடம் கேட்ட கேள்வி இது. நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். அரசர்களின் பெயர்ப்பட்டியல் எனக்கு மனப்பாடம் இல்லை. ஆயினும் அந்தக் கேள்விக்கு ஓர் இயற்பியல் மாணவனும் விடை தேடலாம் என்று தோன்றியது.

"தம்பி, உன் பையில் கவராயம் இருக்கிறதா?" என்று கேட்டேன்.

அவன் திகைத்துப் போனான். வரலாற்றுக் கேள்விக்குக் கணக்குப் பெட்டி எதற்கு? மாணவ நண்பர்களே, நீங்களும் உங்கள் கவராயத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரை முடிவதற்குள் அது தேவைப்படும்.

ஊர்ப்பெயர்கள் சொல்லும் செய்தி

உசிலம்பட்டியைச் சுற்றியுள்ள ஊர்ப்பெயர்களைச் சற்றே கவனியுங்கள். உத்தப்பநாயக்கனூர், தொட்டப்பநாயக்கனூர் ஆகிய இரண்டும் மிக அருகில் உள்ளன. மேற்கே மலையைத் தாண்டினால் கண்டமநாயக்கனூர், எரசக்கநாயக்கனூர், போடிநாயக்கனூர். தெற்கே பேரையூர், மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில் சாப்டூர். இவை யாவும் ஒரு காலத்தில் பாளையங்களின் தலைமை இடங்களாக இருந்தவை. பாளையம் என்றால் படை தங்குமிடம். அந்தப் படைக்கும், அதைச் சூழ்ந்த நிலத்துக்கும் தலைவன் பாளையக்காரன்.

பதினான்காம் நூற்றாண்டில் விஜயநகரப் படைகள் மதுரையைக் கைப்பற்றின. பின்னர் பதினாறாம் நூற்றாண்டில், அப்பேரரசின் சார்பில் மதுரைக்கு வந்த விசுவநாத நாயக்கர் இங்கே நாயக்கர் ஆட்சியை நிறுவினார். அவருடைய ஆட்சிக்காலம் 1529 முதல் 1564 வரை எனப் பொதுவாகக் கூறப்படுகிறது. அவருக்குத் தளவாயாகவும் பிரதானியாகவும் இருந்தவர் அரியநாத முதலியார். மீனாட்சி அம்மன் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்து முகப்பில் குதிரைமேல் அமர்ந்திருக்கும் சிலையைப் பார்த்திருப்பீர்கள். அவர்தான் அரியநாதர்.

இவ்விருவரும் நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தனர் என்பது மரபு வழிச் செய்தி. எல்லாப் பாளையக்காரர்களும் வெளியிலிருந்து வந்தவர்கள் அல்லர். வடக்கிலிருந்து படையுடன் வந்த தலைவர்களும் உண்டு. முன்பே இம்மண்ணில் செல்வாக்குடன் இருந்த தலைவர்களும் உண்டு. பாளையத்தின் வருவாயில் மூன்றில் ஒரு பங்கு நாயக்கருக்கு, ஒரு பங்கு படைச் செலவுக்கு, மீதி ஒரு பங்கு பாளையக்காரருக்கு என்பது ஏற்பாடு. மதுரைக் கோட்டையின் 72 கொத்தளங்களும் ஆளுக்கொன்றாக அவர்கள் பொறுப்பில் விடப்பட்டன என்றும் கூறுவர்.

கடல் கடந்து ஒரு காட்சி

இதே சிக்கலை ஐரோப்பாவில் வேறொருவர் சந்தித்தார். 1066ஆம் ஆண்டு அக்டோபர் 14 அன்று, ஹேஸ்டிங்ஸ் என்னுமிடத்தில் நடந்த போரில் நார்மண்டியின் கோமகன் வில்லியம் இங்கிலாந்து மன்னரைத் தோற்கடித்தார். ஒரே நாளில் போர் முடிந்தது. ஆனால் நாடு கைக்கு வந்துவிட்டதா? வென்றவர்கள் சில ஆயிரம் பேர். பேசியது பிரெஞ்சு மொழி. வெல்லப்பட்டவர்களோ பதினைந்து இருபது இலட்சம் பேர்.

வில்லியமும் அவருடைய பிரபுக்களும் நாடெங்கும் கோட்டைகளை எழுப்பினர். பெரிய கற்கோட்டைகள் அல்ல. ஓர் அகழி வெட்டி, அந்த மண்ணையே குவித்து மேடாக்கி, மேட்டின்மேல் மரத்தால் ஒரு கோபுரம். கீழே வேலியிட்ட ஒரு முற்றம். அவ்வளவுதான். சில வாரங்களிலோ மாதங்களிலோ கட்டி முடிக்கலாம். அந்நூற்றாண்டு முடிவதற்குள் இத்தகைய கோட்டைகள் சுமார் 500 எழுந்துவிட்டன என வரலாற்றறிஞர்கள் மதிப்பிடுகின்றனர். கோட்டைக்கு உரிய பிரபு நிலத்தை அனுபவிக்கலாம். பதிலுக்கு அரசருக்குப் படைவீரர்களைத் தரவேண்டும்.

நிலத்துக்குப் படை என்ற அதே ஏற்பாடுதான்! நார்மானியர்களை மதுரை நாயக்கர்கள் அறிந்திருக்கவில்லை. இருப்பினும் இருவரும் ஏறத்தாழ ஒரே விடைக்கு வந்தனர். ஏனெனில் இருவருக்கும் எதிரில் நின்றது ஒரே கணக்கு. தூரம், வேகம், நேரம் ஆகியவற்றின் கணக்கு.

மனிதனின் கால் போடும் வட்டம்

நாயக்கரின் படை முழுவதும் மதுரையில் மட்டும் இருந்தது எனக் கொள்வோம். உசிலம்பட்டிப் பக்கத்தில் ஒரு கலகம். மதுரைக்கு ஏறத்தாழ 40 கி.மீ. குதிரை வீரன் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் விரைந்தாலும் செய்தி போய்ச்சேர 4 மணி நேரம் ஆகும். மூட்டை முடிச்சுகளுடன் நடக்கும் காலாட்படை ஒரு நாளில் கடக்கக்கூடியது 20 முதல் 25 கி.மீ. எனவே படை வந்துசேர ஏறத்தாழ இரண்டு நாட்கள். அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

இப்போது 10 கி.மீ. தொலைவில் ஒரு பாளையம் இருப்பதாகக் கொள்ளுங்கள். செய்தி செல்ல 1 மணி நேரம். அங்குள்ள சிறு படை மூட்டையின்றி மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் நடந்தால் இரண்டரை மணி நேரம். ஆக மூன்றரை மணி நேரத்தில் ஆயுதம் தாங்கியவர்கள் வந்து நிற்பர். படையின் அளவு சிறிதாயினும் அது வந்துசேரும் நேரமே முடிவைத் தீர்மானிக்கிறது.

காலையில் புறப்பட்ட வீரர்கள் மாலைக்குள் கோட்டைக்குத் திரும்பவேண்டும் என்றால் எவ்வளவு தூரம் போகலாம்? போக 15 கி.மீ., வர 15 கி.மீ.; மொத்தம் ஏழரை மணி நேர நடை. ஆகவே கோட்டையை மையமாகக் கொண்டு 15 கி.மீ. ஆரமுள்ள ஒரு வட்டம் வரைந்தால், அதுவே அக்கோட்டையின் பிடிக்குள் அடங்கும் நிலம் எனலாம். அதன் பரப்பு சுமார் 700 சதுர கி.மீ.

ஆனால் வட்டங்களை அருகருகே வைத்தால் இடையில் சந்து விழும். அந்தச் சந்துகள் கலகக்காரர்களுக்குப் புகலிடம் ஆகிவிடும். சந்து விழாமல் மூட வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியவேண்டும். தேன்கூட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அப்படி அடுக்கினால் ஒவ்வொரு கோட்டையின் பங்குக்கும் வருவது ஓர் அறுகோணம். அதன் பரப்பு சுமார் 585 சதுர கி.மீ. அண்டைக் கோட்டைகளுக்கு இடையே உள்ள தூரம் 26 கி.மீ., அதாவது படைக்கு ஏறத்தாழ ஒரு நாள் நடை.

இனி 585ஐ 72ஆல் பெருக்குங்கள். ஏறத்தாழ 42,000 சதுர கி.மீ. வருகிறது. இன்றைய தமிழ்நாட்டின் பரப்பு 1,30,060 சதுர கி.மீ. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு! இதே நிலத்தை ஒரே ஒரு கோட்டையிலிருந்து ஆள முயன்றால் அதன் வட்டத்தின் ஆரம் 115 கி.மீ.க்கு மேல் போகும். விளிம்பை அடைய ஐந்து நாள் நடை.

அரியநாதர் அறுகோணம் வரைந்து பார்த்தார் என்று நான் சொல்லவில்லை. பாளையங்கள் வரைபடத்தில் ஒழுங்கான தேன்கூடு போல அமையவும் இல்லை. உசிலம்பட்டிப் பக்கம் அவை மிக நெருங்கியிருக்கின்றன. சில இடங்களில் 10, 15 கி.மீ.க்கு ஒன்று. வரைபடத்தைப் பார்த்தால் இதற்கு ஒரு காரணம் புலப்படும். மதுரையிலிருந்து போடி செல்லும் ரயிலில் போயிருக்கிறீர்களா? உசிலம்பட்டியைத் தாண்டியதும் ரயில் ஆண்டிபட்டிக் கணவாயில் நுழைகிறது. அதற்கப்பால் கம்பம் பள்ளத்தாக்கு. அங்கிருந்து மலையாள நாட்டுக்குப் போகும் மலைவழிகள். சமவெளியில் படை எந்தப் பக்கமும் போகலாம். மலைநாட்டிலோ கணவாய் வழியாகத்தான் போகமுடியும். எனவே கணவாயைப் பிடித்தவன் கைக்கு வழியும் வந்துவிடும். திண்டுக்கல் பாறைக்கோட்டையின் சிறப்பும் இதுதான். சிறுமலைக்கும் பழனி மலைத்தொடருக்கும் இடையே வடமேற்கிலிருந்து வரும் வழியை அது காவல் காக்கிறது.

எவ்வளவு தூரம் தெரியும்?

கோட்டைக்குக் கால் மட்டும் போதாது, கண்ணும் வேண்டும். பூமி உருண்டையாக இருப்பதால் நம் பார்வைக்கு ஓர் எல்லை உண்டு. அதுவே தொடுவானம். அதன் தூரத்தைக் கணக்கிட எளிய வழி இருக்கிறது. நீங்கள் நிற்கும் உயரத்தை மீட்டரில் எழுதி, அதன் வர்க்கமூலத்தைக் கண்டு, 3.57ஆல் பெருக்குங்கள். விடை கிலோமீட்டரில் கிடைக்கும்.

தரையிலிருந்து 6 மீட்டர் உயரத்தில், அதாவது ஒரு மண்கோட்டைச் சுவரின்மேல் நிற்பவனுக்குத் தொடுவானம் சுமார் 9 கி.மீ. தூரத்தில் இருக்கும். நார்மானியரின் மேடும் கோபுரமும் சேர்ந்து 15 மீட்டர் எனக் கொண்டால் சுமார் 14 கி.மீ. 100 மீட்டர் உயரமுள்ள பாறை உச்சியில் நின்றால் 35 கி.மீ.க்கு மேல்!

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். பார்வைத் தூரத்தை இரு மடங்காக்க வேண்டுமானால் உயரத்தை நான்கு மடங்காக்க வேண்டும். எனவே கோபுரத்தை மேலும் மேலும் உயர்த்துவது செலவு மிகுந்த வேலை. இயற்கையாக அமைந்த பாறையின்மேல் ஏறிக்கொள்வதே சிக்கனம். நம் நாட்டில் தனித்து நிற்கும் பாறைகளில் பல கோட்டைகளாக மாறியதற்கு இது ஒரு காரணம்.

அருகில் இருப்பதைப் பார்ப்பதிலும் சிக்கல் உண்டு. சுவரின் மேல் நிற்கும் காவலனுக்குத் தொலைவில் வருபவன் தெரிவான். சுவரின் அடியை ஒட்டி நிற்பவன் தெரியமாட்டான். அதற்காகவே கொத்தளங்களைச் சுவருக்கு வெளியே துருத்தியிருக்குமாறு கட்டினர். ஒரு கொத்தளத்திலிருந்து பார்த்தால் அடுத்த கொத்தளம் வரை சுவரின் அடிப்பகுதி முழுவதும் தெரியும். ஒன்றின் குருட்டுப் புள்ளியை மற்றொன்று காக்கிறது. பாளையங்களின் அமைப்பும் இதைப் போன்றதுதான்.

மண் சுவரும் பீரங்கிக் குண்டும்

பெரும்பாலான பாளையக்காரர்களின் கோட்டைகள் மண்ணால் ஆனவை. மண்கோட்டை என்றவுடன் ஏளனமாக நினைத்துவிடாதீர்கள். ஒரு சிறு கணக்குப் போடுவோம்.

8 கிலோகிராம் நிறையுள்ள இரும்புக் குண்டு ஒன்று விநாடிக்கு 400 மீட்டர் வேகத்தில் வருகிறது எனக் கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் 6,40,000 ஜூல். இந்த ஆற்றல் முழுவதையும் சுவர் விழுங்கவேண்டும். கருங்கல்லில் குண்டு 20 சென்டிமீட்டர் போய் நின்றுவிட்டால், அது கொடுக்கும் சராசரி விசை 32 இலட்சம் நியூட்டன். கல் பிளக்கும், பிளவு பக்கத்துக் கற்களுக்கும் பரவும். அதே குண்டு மண்ணில் 2 மீட்டர் வரை புகுந்து நின்றால் சராசரி விசை 3,20,000 நியூட்டன் மட்டுமே. பத்தில் ஒரு பங்கு! மண் நசுங்கும், குழி விழும். ஆனால் விரிசல் பரவாது. வேகமாக வரும் பந்தைப் பிடிக்கும்போது நாம் கையைப் பின்னுக்கு இழுப்பதும் இதே தத்துவம்தான்.

இடிந்த மண் சுவரை மீண்டும் எழுப்பச் சிற்பி வேண்டாம். மண்வெட்டியும் ஊர்மக்களும் போதும். 1799இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைப் பிடித்து இடித்தனர். அவ்வாண்டு அக்டோபர் 16 அன்று கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801 பிப்ரவரி 2 அன்று அவருடைய தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். சில நாட்களுக்குள் இடிந்த இடத்தில் கோட்டை மீண்டும் எழுந்து நின்றது! மார்ச் 31 அன்று கம்பெனிப் படை நடத்திய தாக்குதல் முறியடிக்கப்பட்டது. பெரும்படையும் பீரங்கிகளும் வந்து சேர்ந்த பிறகு, மே 24 அன்றுதான் கோட்டை வீழ்ந்தது.

வலை அறுந்த விதம்

பாஞ்சாலங்குறிச்சியும் ஒரு பாளையமே. வென்ற நாட்டைக் கட்டியாள அமைக்கப்பட்ட வலையின் ஒரு கண்ணி, பின்னால் வந்த ஆட்சியை எதிர்க்கும் அரண் ஆகிவிட்டது. இங்கிலாந்திலும் இப்படி நடந்ததுண்டு. 1135க்குப் பின் அரசுரிமைப் போர் மூண்டபோது பிரபுக்கள் தம் விருப்பப்படி கோட்டைகள் கட்டி, அரசை மதிக்காமல் நடந்தனர். 1154இல் பட்டம் ஏறிய இரண்டாம் ஹென்றி அவற்றில் பலவற்றை இடிக்க வேண்டியதாயிற்று.

காரணம் எளிது. தொலைவில் இருக்கும் அரசனைவிட அருகில் இருக்கும் தலைவனே விரைந்து செயல்படுவான் என்பதுதான் இந்த அமைப்பின் பலம். அரசனுடைய கை தொலைவில் இருக்கிறது என்பதே இதன் பலவீனமும் ஆகும்.

கம்பெனியார் இதை உணர்ந்துகொண்டனர். 1801 டிசம்பர் 1 அன்று வெளியிட்ட அறிவிப்பின் மூலம் கோட்டைகளை இடிக்கவும், மக்கள் ஆயுதங்களை ஒப்படைக்கவும் ஆணையிட்டனர். எஞ்சியிருந்த பாளையக்காரர்கள் படையில்லாத ஜமீன்தார்களாக மாறினர். 1840களில் மதுரைக் கோட்டையின் முறையும் வந்தது. கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் சுவர்கள் இடிக்கப்பட்டு அகழி தூர்க்கப்பட்டது. இன்று நாம் நடக்கும் வெளி வீதிகள் அந்தக் கோட்டையின் எல்லையை நினைவூட்டுகின்றன. அந்த வேலையில் ஈடுபட்ட நில அளவையாளர் மாரட்டின் பெயரும், பெருமாள் மேஸ்திரியின் பெயரும் இரண்டு வீதிகளுக்கு நிலைத்துவிட்டன.

சுவரில்லாத கோட்டை

கோட்டைகள் போயின. அடக்கி ஆள்வது போய்விட்டதா? இல்லை. அதன் கருவி மட்டும் மாறியது.

1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பதிவகம் ஒன்று தொடங்கப்பட்டது. ஒருவர் ரேகை போல மற்றொருவர் ரேகை இருப்பதில்லை என்ற அறிவியல் உண்மையைப் பயன்படுத்தி, ரேகைகளை வகைப்படுத்தும் முறை அங்கே உருவாயிற்று. அசிசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்னும் இந்தியர் இருவரின் உழைப்பு அதில் பெரும்பங்கு வகித்தது. அருமையான கண்டுபிடிப்பு. ஆனால் அது எதற்குப் பயன்பட்டது என்று பாருங்கள்.

1911ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டம் ஒரு சமூகத்தில் பிறந்தவர்களை, எந்தக் குற்றமும் செய்யாதவர்களையும் சேர்த்து, ரேகை வைத்துப் பதிவு செய்துகொள்ளுமாறு கட்டாயப்படுத்த வழி செய்தது. உசிலம்பட்டி வட்டாரத்து மக்கள் இதை ரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். பதிவேட்டில் பெயர் ஏறியவர் ஊரைவிட்டு வெளியே செல்லவும் அனுமதி பெறவேண்டும். ஒருவரைச் சுற்றி 15 கி.மீ. வட்டம் போட இப்போது கோட்டை தேவையில்லை. ஒரு காவல் நிலையமும் ஒரு பதிவேடும் போதும். 1920 ஏப்ரல் 3 அன்று, உசிலம்பட்டிக்குத் தெற்கே பெருங்காமநல்லூரில் மக்கள் ரேகை வைக்க மறுத்தனர். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஒரு பெண் உட்பட 16 பேர் உயிரிழந்தனர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947இல் நீக்கப்பட்டது.

மண் மேடாயினும் கைரேகையாயினும் கருவிக்குத் தானாக நன்மை தீமை தெரியாது. இன்று தொலைபேசிக் கோபுரங்கள் நாடெங்கும் வட்டங்களால் மூடப்பட்டுள்ளன. ஒரு கோபுரத்தின் வட்டம் முடிவதற்குள் அடுத்ததன் வட்டம் தொடங்கிவிடுகிறது. அவற்றின் இடத்தைத் தீர்மானிப்பவர்களும் நாம் மேலே பார்த்த அதே அறுகோணக் கணக்கிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அந்த வட்டத்துக்குள் இருக்கும் நாம் எங்கே நிற்கிறோம் என்பதும் பதிவாகிறது. அந்தப் பதிவை யார், எதற்காகப் பார்க்கலாம் என்று கேட்கும் உரிமை நமக்கு இருக்கவேண்டும். அந்தக் கேள்வியை எழுப்பத் தெரிந்திருப்பதும் அறிவியல் கல்வியின் ஒரு பகுதியே.

நீங்களும் செய்து பாருங்கள்

உத்தப்பநாயக்கனூர் மாணவன் அன்று தன் வரைபட ஏட்டில் கவராயத்தால் மூன்று வட்டங்கள் போட்டான். அவை ஒன்றன்மேல் ஒன்று படிந்ததைப் பார்த்து, "அப்படியானால் எங்கள் ஊர் சும்மா இருந்த ஊர் இல்லை, சார்!" என்றான். அதற்குள் பேருந்து வந்துவிட்டது.

உங்கள் மாவட்ட வரைபடம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தெரிந்த பழைய கோட்டைகளையும், பாளையத் தலைமை ஊர்களையும் புள்ளிகளாகக் குறியுங்கள். வரைபடத்தின் அளவுகோலைப் பார்த்து, ஒவ்வொன்றையும் மையமாகக் கொண்டு 15 கி.மீ. ஆரமுள்ள வட்டம் போடுங்கள். எங்கே வட்டங்கள் நெருங்குகின்றன? எங்கே சந்து விழுகிறது? நெருங்கும் இடத்தில் கணவாயோ, ஆற்றுத் துறையோ, பெருவழியோ இருக்கிறதா? சந்தில் இருப்பது காடா, மலையா?

பிறகு ஒரு விடுமுறை நாளில் அருகிலுள்ள இடத்துக்குப் பெரியவர்களுடன் சென்று வாருங்கள். கோட்டை இருந்த இடத்தில் இப்போது ஒரு மண்மேடும் சில கருவேல மரங்களும் மட்டுமே இருக்கலாம். அந்த மேட்டை அளந்து, படம் வரைந்து, ஊர் முதியவர்கள் சொல்வதையும் எழுதி வையுங்கள். மண்ணுக்காக வெட்டி எடுக்கப்பட்டுவிட்டால் அந்த மேடு திரும்ப வராது. உங்கள் குறிப்பேட்டில் உள்ள அளவுகள் மட்டுமே அப்போது மிஞ்சியிருக்கும்.